73214 பி.பி.

பாளையங்கோட்டையில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் எங்கள் மூன்றாம் தெருவில் எல்லார் போனுக்கும் ஒரே ராத்திரியில் அப்டேட் வந்து இறங்கியது. விடிந்து பார்த்தால் ஒரு போனும் அதனதன் வீட்டு வைஃபையை எடுக்கவில்லை, டவரையும் எடுக்கவில்லை, மாடிக்குக் கொண்டுபோனாலும் எடுக்கவில்லை, தெருமுனைக்குக் கொண்டுபோனாலும் எடுக்கவில்லை, ஆற்றுப்பாலத்தில் நின்று கையைத் தூக்கி ஆட்டினாலும் எடுக்கவில்லை. தை பிறப்பதற்குள் இன்னொரு அப்டேட் வந்து எல்லாம் சரியாகிவிட்டது, இப்போது எல்லார் வீட்டிலும் நன்றாகவே எடுக்கிறது, அதில் ஒரு குறையும் இல்லை. நான் சொல்ல வந்தது இடையில் கிடந்த அந்த மழை நாட்களைப் பற்றி.

என் பெயர் சபுரா. தையல்காரி. நான் தைத்த ரவிக்கை இல்லாத வீடு இந்தத் தெருவில் கிடையாது, அதனால் யார் இளைத்தார்கள், யார் பெருத்தார்கள், யார் மனதுக்குள் எதையோ போட்டு உழற்றுகிறார்கள் என்பதெல்லாம் எனக்கு இஞ்சு டேப்பிலேயே தெரிந்துவிடும்.

முதல் இரண்டு நாள் தெருவே மெக்கானிக் ஷாப்பாக இருந்தது. அணைத்துப் போட்டார்கள், அணைத்துப் போட்டதை மறுபடி அணைத்துப் போட்டார்கள், ஏரோப்ளேன் படத்தை அமுக்கி விட்டார்கள், சிம்மைக் கழற்றி முந்தானையில் துடைத்து மாட்டினார்கள், மோடம் பெட்டியைக் கிழக்குப் பார்த்து வைத்தார்கள், பிறகு யாரோ சொன்னார்கள் என்று வடக்குப் பார்த்து வைத்தார்கள், கோமு மதினி அதைச் சுற்றிச் சூடம் காட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கஸ்டமர் கேருக்குப் பேசிக் கேட்கலாம் என்றால் அதற்கும் போன் வேண்டும். மூன்றாவது நாள் கம்பெனியிலிருந்து இசக்கிராஜா என்று ஒருவர் மழைக்கோட்டோடு வந்து, வீடு வீடாக உட்கார்ந்து, நெட்வொர்க் செட்டிங் முழுவதையும் அழித்துப் புதிதாகப் போட்டார். அதில் எல்லாருடைய பாஸ்வேர்டும் போனதுதான் மிச்சம். “போன்ல கோளாறு இல்ல, பெட்டியிலயும் கோளாறு இல்ல, வயர்லயும் இல்ல” என்று சொல்லிவிட்டு எங்கள் வீட்டில் ஒரு டீ குடித்தார். அப்புறம் தன் போனை எடுத்துப் பார்த்தார், அதுவும் எடுக்கவில்லை. அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது.

போன் எங்கே எடுக்கும் என்று கண்டுபிடித்தது எங்கள் தெரு அமல்ராஜ் சார்தான், அதுவும் தற்செயலாக. எதிர்வரிசையில் தனியாக இருக்கும் ஜெயசீலி அக்கா வீட்டுக்கு, சர்ச்சில் கொடுத்துவிட்ட ஜெபப் புத்தகத்தைக் கொடுக்கப் போனவர், முன்னறையில் கால் வைத்ததும் அவர் சட்டைப்பை கிடுகிடுவென்று நடுங்கி, மூன்று நாளாக வராத குட்மார்னிங்கும் பிறந்தநாள் வாழ்த்தும் இரங்கல் செய்தியுமாக ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மணியடித்திருக்கிறது. சார் பயந்துபோய் வாசலுக்கு வந்தார், போன் செத்துவிட்டது. உள்ளே போனார், பிழைத்துக்கொண்டது. வெளியே வந்தார், உள்ளே போனார். நாலு வீட்டார் ஜன்னல் வழியாக இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தோம்.

சீலி அக்கா வீட்டில் வைஃபை பெட்டியே கிடையாது. அவளிடம் இருப்பது பொத்தான் வைத்த பழைய போன், அதற்கு அப்டேட் என்றால் என்னவென்றே தெரியாது. ஆனாலும் அந்த முன்னறையில் எங்கள் எல்லார் போனும் பாஸ்வேர்டு கேட்காமல் தானாக ஒட்டிக்கொண்டன. வைஃபை பெயர் வரவேண்டிய இடத்தில் ஐந்து எண்கள் இருந்தன. 73214. அதைப் படிக்கும்போதே என் வாய் என்னைக் கேட்காமல் மிச்சத்தையும் சொல்லி முடித்துவிட்டது: “பி.பி., ஜெயசீலி வீடு.”

எங்கள் தெருவுக்கு முதலில் வந்த போன் அது. சீலி அக்கா வீட்டுக்காரர் டேனியல் அண்ணாச்சி ரத்த வங்கியில் வேலை பார்த்தார், எந்த நேரமும் ஆள் தேவைப்படும் என்று அவருக்கு மட்டும் வரிசையில் நிற்காமல் இணைப்பு கிடைத்தது. பிறகென்ன, தெரு முழுவதற்கும் அதுதான் நம்பர். கல்யாணப் பத்திரிகையில், வேலைக்கு எழுதிப்போட்ட விண்ணப்பத்தில், பெண்ணுக்கு அனுப்பிய ஜாதகத்தின் ஓரத்தில், என் தையல்கடைப் பில்லில், எல்லாவற்றிலும் 73214, பக்கத்தில் பி.பி. என்று போட்டிருக்கும். அந்த இரண்டு எழுத்துக்கு என்ன விரிவு என்று எங்களுக்குத் தெரியாது. போன் நம்முடையது இல்லை, ஆனால் கூப்பிட்டால் வந்து சொல்வார்கள் என்பதுதான் எங்களுக்கு அதன் அர்த்தம். மணி அடித்தால் சீலி அக்கா எடுத்து, “கட் பண்ணிட்டுப் பத்து நிமிசம் கழிச்சுக் கூப்பிடுங்க, கூட்டியாரேன்” என்று வைத்துவிட்டு, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு தெருவில் இறங்கி நடப்பாள். அவள் எந்தப் பக்கம் திரும்புகிறாள் என்று பார்த்துக்கொண்டே ஒவ்வொரு வாசலிலும் ஒரு நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

அப்படித்தான் எங்கள் போன்கள் எல்லாம், இத்தனை வருடத்துக்குப் பிறகு, யார் யார் எந்த வீட்டு நம்பரை அந்தக் காலத்தில் கொடுத்திருந்தார்களோ அந்த வீட்டை மட்டுமே எடுப்பது என்று முடிவு செய்துவிட்டன. பி.பி. என்றால் என்னவென்று தெரியாத பிள்ளைகளின் போன்கள் தாய் தகப்பன் ஓடிய வீட்டைப் பிடித்துக்கொண்டன. எங்கள் தெரு மட்டுமல்ல, ஊரெல்லாம் இதே கதைதான். சமாதானபுரத்தில் ஒரு தெருவுக்கு அந்தக் காலத்துப் போன் இருந்தது சவப்பெட்டிக் கடையில்; அங்கே மூடிகளை நிமிர்த்திப் போட்டு, அதன்மேல் வரிசையாக உட்கார்ந்து ஆன்லைனில் பரீட்சை எழுதினார்கள் என்று கேள்விப்பட்டோம். எங்கள் தெருவில் வாடகைக்கு இருந்த மாதப்பனுக்குச் சொந்த ஊர் பென்னாகரம் பக்கம், அவர் நம்பர் அங்கே ஒரு உரக்கடையில். ராத்திரி பஸ் ஏறிப் போனார். உரக்கடை இருந்த இடத்தில் இப்போது பிரியாணிக் கடையாம், ஆனாலும் கல்லாப் பக்கம் நின்றால் போன் எடுத்ததாம், உரக்கடைக்காரரின் மகன்தான் பிரியாணி போடுகிறாராம், “எனக்குப் பையன் பொறந்திருக்கான்னு நீதானே ஓடிவந்து சொன்ன” என்று மாதப்பன் கேட்க, இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்களாம். திரும்பி வந்த மாதப்பன் இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசாமல் சிரித்துக்கொண்டே திரிந்தார்.

யாரும் இதை அதிசயம் என்று சொன்ன மாதிரி ஞாபகம் இல்லை. மழைக்காலத்தில் துணி காயாது, அப்டேட்டுக்குப் பிறகு போன் எடுக்காது, அவ்வளவுதான் என்று எடுத்துக்கொண்டு, காலையில் பல் தேய்த்ததும் போனையும் சார்ஜரையும் எடுத்துக்கொண்டு சீலி அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிடுவோம். வாசலில் செருப்பு குவிந்தது. சர்ச்சிலிருந்து இரண்டு பெஞ்சு வந்தது. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்யும் பரமேஸ்வரன் அடுக்களையில் அம்மிப் பக்கத்தில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு வெளிநாட்டு மேனேஜரோடு பேசுவான், அவன் தலைக்குப் பின்னால் பைபிள் வசனக் காலண்டரும் வெங்காயக் கூடையும் தெரியும். சீலி அக்கா பெரிய போணியில் கடுங்காப்பி போட்டு வைத்துவிடுவாள், வேண்டியவர்கள் மோந்து குடித்துக்கொள்வார்கள். அறைக்குள் பழைய போன் மேஜை இருந்த மூலையில்தான் நன்றாக எடுக்கும். அந்த மூலைக்கு முறை வைத்துக்கொண்டோம். வேலைக்குப் போகிறவர்கள் போனை அந்த மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். மணி அடித்தால் சீலி அக்கா எடுத்து, “கட் பண்ணிட்டுப் பத்து நிமிசம் கழிச்சுக் கூப்பிடுங்க” என்று சொல்லிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். எழுபது வயது, முட்டிவலி, ஆனாலும் அந்த நடையில் ஒரு மிடுக்கு திரும்பியிருந்ததை நாங்கள் எல்லாரும் பார்த்தோம்.

அந்தக் காலத்தில் எங்களுக்கு ஒரு வித்தை கைவந்திருந்தது, அது அப்படியே மறந்துபோயிருந்தது: ஒரே அறையில் ஒருத்தி புருஷனோடு பேசும்போது மற்றவர்கள் கேட்டுக்கொண்டே கேட்காத முகத்தோடு இருப்பது. ஃபேனைப் பார்ப்போம், நகத்தைப் பார்ப்போம். இரண்டே நாளில் அந்த முகம் எங்களுக்குத் திரும்ப வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் பதினோரு வருடம் சவூதியில் தம்மாமில் இருந்தார், வெள்ளிக்கிழமை தோறும் அந்த மூலைக்குத்தான் பேசுவார், என் குடும்பம் நடந்ததே அந்த மூலையில்தான். அப்போது போனில் பேசிய மனுஷன் வேறு, இப்போது வீட்டில் டிவி ரிமோட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனுஷன் வேறு என்று நான் பலபேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். ஒருநாள் நான் மூலையில் உட்கார்ந்திருக்கும்போது என் போன் அடித்தது, எடுத்தால் அவர். அதே வீட்டின் பின்கட்டில் நின்றுகொண்டு பேசுகிறார். “சபுரா, நல்லாருக்கியா? காசு வந்துச்சா? புள்ள என்னத் தேடுதா?” என்று அதே குரல். பிள்ளைக்கு முப்பது வயது. “தேடுது, சீக்கிரம் வாங்க” என்றேன். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் ஃபேனைப் பார்த்தார்கள்.

இந்த வீட்டுக்கு வராத ஒரே ஆள் சண்முகவடிவு.

வடிவு வீடு சீலி அக்கா வீட்டுக்கு நேர் எதிர். நடுவில் இருப்பது ஒரு சிமெண்டு ரோடு. அதை வடிவு தாண்டி இருபத்தெட்டு வருடம் இருக்கும். அதற்கு முன்னால் இரண்டு பேரும் ஒரே முறுக்குப் பிழியும் படியை மாற்றி மாற்றி வைத்துக்கொண்ட சிநேகிதிகள், அது எங்களுக்குத் தெரியும். நடந்ததும் எல்லாருக்கும் தெரியும். வடிவின் நாத்தனாருக்குக் கல்யாணமாகி, மறுவீட்டு விருந்து வடிவு வீட்டில். சொதி வைத்து, இஞ்சிப் பச்சடி வைத்து, பந்தி நடந்துகொண்டிருக்கிறது. மகள் கோமதி அப்போது வடிவின் இடுப்புப் பிள்ளை. செங்கோட்டையிலிருந்து 73214-க்கு போன் வருகிறது, வடிவின் அப்பாவுக்கு மூச்சு இழுக்கிறது, மகளைக் கேட்கிறார், உடனே வரச்சொல்லுங்கள் என்று. சீலி அக்கா அவசரமாக வந்தாள். வந்தவள் வாசலில் நின்று பார்த்தாள். புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் இலையில் உட்கார்ந்திருக்கிறார்கள், காலையிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காத வடிவு அப்போதுதான் கடைசிப் பந்தியில் உட்காரப் போகிறாள். துக்கச் செய்தியை வெறும் வயிற்றில் சொல்லக்கூடாது, இலைக்கு முன்னால் சொல்லக்கூடாது என்றுதான் எங்கள் எல்லாருக்கும் பழக்கம். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. சிரித்த முகத்தோடு தானே வடிவுக்குப் பரிமாறினாள், இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ, இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ என்று வற்புறுத்திப் பாயசமும் ஊற்றினாள், கை கழுவின பிறகு ஈரக்கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். வடிவு செங்கோட்டைக்குப் போய் இறங்கியபோது அப்பா போய் அரைமணி நேரம் ஆகியிருந்தது. கடைசி வரைக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார் என்று சொன்னார்களாம்.

“மறந்து போயிருந்தாக்கூட மன்னிச்சுருப்பேன் சபுரா” என்று வடிவு ஒருமுறை அளவு கொடுக்க வந்தபோது என்னிடம் சொன்னாள். “எங்கப்பா மூச்சுக்குத் தவிச்சுக்கிட்டுக் கெடக்காரு, நான் இங்க இன்னும் கொஞ்சம் ஊத்துன்னு பாயசத்தக் குடிச்சிருக்கேன். தெரிஞ்சே என்னத் தின்ன வச்சுட்டாளே.” அன்றைக்கு அந்தப் போனை நான் எடுத்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன், இந்தத் தெருவில் யார் எடுத்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். அதை வடிவிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்த இடுப்புப் பிள்ளை கோமதிதான் இப்போது மஸ்கட்டில் ஒன்பது வருடம் காத்திருந்து உண்டான பிள்ளையோடு படுக்கையில் கிடந்தாள். எட்டாம் மாதம். எழுந்து நடக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வடிவுக்கு அடுத்த மாதம் போக டிக்கெட் எடுத்திருந்தது. அதுவரைக்கும் தினமும் காலையிலும் சாயங்காலமும் போனில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள், அப்டேட் வந்த அன்றைக்கு அது நின்றது. வடிவு டவுனில் இருக்கும் சித்தி மகள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தாள், அவர்கள் தெருவுக்குப் பி.பி. பாத்திரக்கடை. கடைப்படியில் குடத்துக்கும் அண்டாவுக்கும் நடுவில் சித்தி மகளின் போனை வாங்கி வைத்து நின்றுகொண்டு, வருகிறவர் போகிறவர் முன்னால் பிள்ளைத்தாய்ச்சி மகளிடம் கேட்கவேண்டியதை எப்படிக் கேட்பது? நல்லாருக்கியா, நல்லாருக்கேன் என்பதோடு வந்துவிட்டாள்.

அவள் வீட்டுக்காரர் நெல்லையப்பன் அண்ணாச்சி இன்சூரன்ஸ் ஏஜென்டாக இருந்தவர், அவர் கார்டிலும் 73214 பி.பி.தான். அண்ணாச்சி வாக்கிங் போகிறேன் என்று சொல்லிவிட்டு எதிர்வீட்டுக்கு வந்து மகளோடு பேசிவிட்டுப் போவார். எங்கிருந்து பேசினீர்கள் என்று வடிவு கேட்கமாட்டாள், அவரும் சொல்லமாட்டார்.

“கோமதி நல்லாருக்கேன்னு சொல்லச் சொன்னா.”

“என்ன கொரல்ல சொன்னா?”

“கொரல்னா? நல்ல கொரல்லதான்.”

“சளி கட்டுன மாரி இருந்துச்சா, அழுத மாரி இருந்துச்சா?”

“அதெல்லாம் எனக்கு எப்படிட்டி தெரியும்?” என்பார் அண்ணாச்சி. வடிவு அடுக்களைக்குப் போய்ப் பாத்திரத்தை வேண்டுமென்றே சத்தமாகக் கழுவுவாள்.

பிறகு அவளே ஒன்று கண்டுபிடித்தாள். சீலி அக்கா வீட்டுக் காம்பவுண்டு சுவருக்கு வெளியே, நந்தியாவட்டைச் செடிக்குப் பக்கத்தில் நின்றால், முன்னறை ஜன்னல் வழியாகக் கொஞ்சம்போலக் கசிந்து வரும். கீரைக்காரிக்குக் காத்திருக்கிறவள் மாதிரி குடையைப் பிடித்துக்கொண்டு, அந்த வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, போனை மார்போடு சேர்த்து வைத்து நிற்பாள். முகம் வராது. பேச்சு பாதி வரும், பாதியை மழை கொண்டுபோய்விடும். “அம்மா, எனக்கு... பயமா...” என்பதுவரை வந்து நின்றுவிடும். உள்ளே பெஞ்சில் இருக்கும் நாங்கள் எல்லாரும் அவள் முதுகைப் பார்ப்போம், ஃபேனைப் பார்ப்போம். அந்த ஜன்னலைச் சாத்தினால் கசிவு நின்றுவிடும் என்று சீலி அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. அவள் கட்டில் ஜன்னலோரம்தான். அந்த அடைமழை முழுக்க, பகலும் ராவும், அந்த ஜன்னலை அவள் சாத்தவே இல்லை. மெத்தை நனைந்தது, தலையணை நனைந்தது, நான் சாத்தப் போனபோது கையைத் தட்டிவிட்டாள். “காத்து வரட்டும், சும்மா கெட” என்றாள். நனைந்த மெத்தையைச் சுருட்டி வைத்துவிட்டு அவள் தரையில் படுத்தாள் என்பதை நான் வடிவிடம் போய்ச் சொன்னேன். அன்று சாயங்காலம் செடிப்பக்கம் நிற்கும்போது அவள் முழு முதுகையும் காட்டாமல் பக்கவாட்டில் நின்றாள்.

கார்த்திகை பிறந்து, மழை விடுவதுபோல் போக்குக் காட்டிவிட்டு மறுபடி வலுத்த ஒரு மத்தியானம். நான் மூலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பாவாடைக்குக் கரை மடித்துக்கொண்டிருந்தேன். பெஞ்சு நிறைய ஆள், ஆளாளுக்குப் பேச்சு. மேஜையில் கிடந்த போன்களில் நெல்லையப்பன் அண்ணாச்சியின் போன் அடித்தது. காலையில் வந்தவர் அதைச் சார்ஜில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். சீலி அக்கா எடுத்தாள். மஸ்கட்டிலிருந்து மருமகன் சங்கரலிங்கம். அவர் கத்தியது எனக்கே கேட்டது. குழந்தைக்கு இதயத் துடிப்பு குறைகிறதாம், உடனே ஆபரேஷனாம், தியேட்டருக்குக் கொண்டுபோக ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டதாம், அம்மாவிடம் பேசாமல் போகமாட்டேன் என்று கோமதி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுகிறாளாம், நர்ஸ் ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறாளாம்.

சீலி அக்கா வழக்கமாகச் சொல்வதைச் சொல்லவில்லை. “கட் பண்ணாதீங்க மாப்ள. லைன்லயே இருங்க. எக்காரணம் கொண்டும் வச்சுராதீங்க” என்று சொல்லி, போனை என் கையில் திணித்தாள். வெளியே கொண்டுபோனால் செத்துவிடும், ஆள்தான் வரவேண்டும். குடையை எடுக்கவில்லை, செருப்பைப் போடவில்லை, மழைக்குள் இறங்கி ஓடினாள். அவள் ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பெஞ்சில் இருந்தவர்கள் யாரும் சொல்லாமலே அவரவர் பேச்சை நிறுத்திப் போனை அணைத்தார்கள். பரமேஸ்வரன் மேனேஜர் பேசிக்கொண்டிருக்கும்போதே மடிக்கணினியை மூடினான். இருக்கிற லைன் முழுவதும் கோமதிக்குப் போகட்டும் என்று எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியிருக்க வேண்டும். நான் போனில், “கோமதி, சபுரா பெரியம்மா பேசுதேன், அம்மா வந்துட்டா, இந்தா வாசல்ல கால் கழுவுதா, இந்தா உள்ள வாரா” என்று வாய்க்கு வந்த பொய்யையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் அவள் மூச்சு மட்டும் கேட்டது.

எதிர்வீட்டில் நடந்ததை அண்ணாச்சி பிறகு எங்களுக்குச் சொன்னார். வடிவு அப்போதுதான் தட்டில் சோற்றைப் போட்டுப் புளிக்குழம்பை ஊற்றிப் பிசைந்து முதல் உருண்டையைக் கையில் எடுத்திருக்கிறாள். நனைந்து சொட்டச் சொட்ட அடுக்களை வாசலில் சீலி அக்கா வந்து நிற்கிறாள். இருபத்தெட்டு வருடம் கழித்து அந்த வீட்டுக்குள் வந்தவள், வா என்று யாரும் சொல்லக் காத்திருக்கவில்லை.

“கோமதி லைன்ல இருக்கா. ஆபரேஷனுக்குக் கொண்டு போறாவ. எந்திரி.”

அண்ணாச்சிக்குக் கைகால் ஓடவில்லை. பாவம், நல்ல மனுஷன், மனைவி காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது மட்டும்தான் அவர் புத்தியில் நின்றிருக்கிறது. “ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு வரட்டுமேக்கா...” என்று ஆரம்பித்தார். இரண்டு பெண்களும் திரும்பி அவரைப் பார்த்த பார்வையில் மிச்சத்தை விழுங்கிவிட்டார்.

வடிவு எழுந்து குழாயடிப் பக்கம் திரும்பினாள். சீலி அக்கா அந்தச் சோற்றுக்கையையே மணிக்கட்டோடு பிடித்துக்கொண்டாள். “கை கழுவாண்டாம். வா” என்று இழுத்தாள்.

இருவரும் ரோட்டைத் தாண்டி ஓடி வந்ததை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். வடிவு வாசலில் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. பெஞ்சுக்கு நடுவில் வழிவிட்டோம், மூலைக்கு வந்தாள், வலதுகை விரல்களில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது, இடதுகையால் என்னிடமிருந்து போனை வாங்கினாள். அந்தப் பக்கம் மருமகன் வீடியோவைப் போட்டுவிட்டார், அப்டேட்டுக்குப் பிறகு முதல் முறையாகக் கோமதியின் முகம் முழுசாக வந்தது. வீங்கிப்போய், பச்சைக் குல்லாய் போட்டு, கண்ணெல்லாம் சிவந்து, ஆனால் கோமதிதான். அந்தப் பக்கம் யாரோ அவசரப்படுத்துகிறார்கள். போன் எடுத்தால் முதலில் கேட்கிற கேள்வி ஒன்று நம் எல்லார் நாக்கிலும் இருக்கிறதல்லவா, அதுதான் கோமதிக்கும் வந்தது.

“அம்மா... சாப்ட்டியா?”

வடிவு தன் சோற்றுக்கையைப் பார்த்தாள். “இல்லட்டி” என்றாள். “இன்னும் ஒரு வாய்கூடத் திங்கல. நீ போயிட்டு வா. நீ வந்து பேசு, பொறவு சாப்பிடுதேன். நான் இங்கனதான் இருப்பேன், இந்த எடத்த விட்டு நகர மாட்டேன்.”

“சரிம்மா” என்றாள் கோமதி. முகம் போய்விட்டது.

அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் என்று நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. வடிவு மூலையிலேயே தரையில் உட்கார்ந்தாள், மடியில் போன், வலதுகையை முழங்காலில் மல்லாத்தி வைத்திருந்தாள், சோறு காய்ந்து விரலோடு ஒட்டிக்கொண்டது. சீலி அக்கா ஈரச்சேலையோடு ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள், வடிவு வேண்டாம் என்று தலையாட்டினாள். அக்கா செம்பை எடுக்காமல் தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பின்னாலேயே வந்த அண்ணாச்சி என் வீட்டுக்காரரோடு பெஞ்சில் உட்கார்ந்தார், ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. அமல்ராஜ் சார் உதடு அசைய ஜெபம் சொன்னார், நான் எனக்குத் தெரிந்ததை ஓதினேன், கோமு மதினி காந்திமதி அம்மனுக்கு எதையோ நேர்ந்துகொண்டாள், மழை பெய்துகொண்டே இருந்தது. ஜன்னல் திறந்துதான் கிடந்தது, சாரல் இரண்டு பேர் மேலும் அடித்தது, அதை இப்போது சாத்தலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மணி அடித்தது. வடிவு அதை எடுக்காமல் பக்கத்தில் தள்ளினாள். சீலி அக்கா வாங்கிக் காதில் வைத்தாள், கேட்டாள், கண்ணை மூடித் திறந்தாள். முன்பு ஒரு தரம் செய்தியை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு சிரித்த அந்த முகத்தையே வடிவு வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா ஒரு நொடியும் வைத்துக்கொள்ளவில்லை.

“பொம்பளப் புள்ள. கோமதி நல்லாருக்கா. புள்ளைக்கு எடை கொறவு, கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காவ, ஆனா அழுதுருச்சாம். நல்லாவே அழுதுருச்சாம்.”

அறையில் எழுந்த சத்தத்தில் யார் அழுதார்கள் யார் சிரித்தார்கள் என்று பிரிக்க முடியவில்லை. அண்ணாச்சி என் வீட்டுக்காரரைக் கட்டிக்கொண்டு குலுங்கினார். வடிவு பெருமூச்சு விட்டு, முதுகைச் சுவரில் சாய்த்து, பக்கத்தில் இருந்தவளைப் பார்க்காமல் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“சீலிக்கா, பசிக்கி. என்ன வச்சிருக்க?”

சீலி அக்காவுக்கு வாய் குழறியது. “எங்க வீட்ல இன்னைக்குச் சாளமீன் கொழம்புல்லா வச்சிருக்கேன்... நீ அதெல்லாம் தொடமாட்ட... மோர் இருக்கு, நாரத்தங்காய் இருக்கு...”

“எதையாவது போடு. சீக்கிரம் போடு.”

அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஓடினாள். செம்புத் தண்ணீரில் வடிவு கையைக் கழுவினாள். மோர்ச்சோறு வந்தது, ஓரத்தில் நாரத்தங்காய். வடிவு குனிந்த தலை நிமிராமல், அந்தப் பழைய மூலையில் உட்கார்ந்து, கண்ணீர் தட்டில் விழ விழ அள்ளி அள்ளித் தின்றாள். சீலி அக்கா கரண்டியும் சட்டியுமாக எதிரில் உட்கார்ந்திருந்தாள். சோறு தீரத் தீரப் பார்த்துக்கொண்டிருந்தாளே தவிர, இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று அவள் கேட்கவில்லை, கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. வடிவுதான் காலித் தட்டை அவள் பக்கம் நீட்டினாள்.